துண்டுத் துணி ரஜாய்

டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்களிடம் ரஜாய் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பஞ்சடைத்த போர்வை எதற்கென்று தெரியுமா? கொண்டுவந்த ஜமுக்காளத்தையும் இரண்டு வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிப்போய்க் கிடந்தோம். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மேலே வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள்தான் கடைக்குக் கூட்டிப்போய் எங்களுக்கு முதல் ரஜாயை வாங்கிக் கொடுத்தாள்.

கரோல் பாக்கில் இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு வராந்தா. என் கணவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அந்தச் சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பெண்களுக்கு அங்குள்ள தையல்காரர்களின் வெட்டு பிடிக்காது. எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அளவுக்கென்று கல்யாணத்தின்போது தைத்த ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உடம்பு அதற்குப் பிறகு நன்றாக ஏறியிருக்கும். இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்து நிற்கும்போது குற்றம் முழுவதும் தைத்தவள் தலையில். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பேச்சுக்குப் பேச்சு திருப்பிக் கொடுப்பேன். ஆனாலும் மறுமாதம் வருவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். டெல்லியில் பிறந்தவள். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, ஆனால் போகிறபோது நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனது. வால்வு கெட்டுவிட்டது என்றார்கள். ஓடக்கூடாது, மாடி ஏறக்கூடாது. குடியிருப்பது இரண்டாவது மாடி! மாதாமாதம் ஊசி போட அவளை அவர்தான் தூக்கிக்கொண்டு இறங்குவார், தூக்கிக்கொண்டு ஏறுவார். பள்ளிக்கூடம் நின்றது. கீழே தெருவில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாமல் நான் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் அவள் என் வெட்டுத் துணிகளைக் கையில் எடுத்தாள். அதுவரைக்கும் அவற்றை நான் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்து, பாத்திரம் துடைக்கவோ தலையணைக்குள் திணிக்கவோ எடுத்துக்கொள்வேன். ஒருநாள் கீழ்வீட்டு அம்மாள் இவளைப் பார்க்க வந்தபோது தோளில் ஒரு பழைய ரஜாயைப் போர்த்திக்கொண்டு வந்தாள். மேல்துணி முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. பாகிஸ்தானாகிப்போன ஊரில் தன் அம்மா தைத்தது என்று சொன்னாள். அவள் போனதும் இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம ரஜாய் ஒரே போர். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நான் ஒண்ணு பண்ணப்போறேன். எல்லாத் துணியையும் குடு. ஜல்தி!"

"எல்லாத்தையும் கொட்டி வீட்டைக் குப்பையாக்காத."

"குப்பை இல்லம்மா. இது மாமிங்க."

அவளுக்கு ஒவ்வொரு துண்டும் ஒரு மாமி. எந்தத் துணி யாருடையது என்று எனக்கே மறந்துபோயிருக்கும், அவள் சொல்லிவிடுவாள். மற்றவர்களானால் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள், அல்லது மெல்லிய வாயில் துணியா, கெட்டிப் பாப்ளினா என்று பிரிப்பார்கள். என் மகள் குணம் பார்த்துப் பிரித்தாள். என்னிடம் சண்டை போடுகிற பெண்களின் துணியெல்லாம் ஒரு கட்டு. அது ரஜாயின் கால்மாட்டில் வரும். "அவங்க மேல காலைப் போட்டுத் தூங்கணும்" என்பாள். வரும்போது அவளுக்கு முறுக்கோ பழமோ கொண்டுவருகிறவர்களின் துணி தலைமாட்டுக்கு. வந்து உட்கார்ந்து, இவளைப் பார்த்து "பாவம், இந்த வயசுல" என்று உச்சுக் கொட்டுகிறவர்களின் துணி எங்கே போகும் தெரியுமா? ரஜாயிலேயே சேர்க்க மாட்டாள். அதையெல்லாம் வராந்தா வழியாகக் கீழே போட்டுவிடுவாள். நான் கண்டிக்கவில்லை. எனக்கும் அவர்களைப் பிடிக்காது.

பழைய காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்திருந்தாள். அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுவாள். ரவிக்கைத் துணியில் மிஞ்சுவதெல்லாம் பிறை பிறையாகவும் வாலும் மூலையுமாகவும்தான் இருக்கும். அதில் ஒரு சதுரம் தேற்றுவதற்கு அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பூப்போட்ட துணியென்றால் பூவை நறுக்கக்கூடாது. கிளி போட்ட வாயில் துணி ஒன்று வந்தது. கழுத்துக்கு நான் வெட்டிய வெட்டில் ஒரு கிளிக்குத் தலை போய்விட்டது என்று அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பளபளவென்று டெரிகாட் வந்துவிட்டால் பிராணன். அதை நான் கூடாது என்பேன், பருத்தியோடு சேர்த்தால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது, மேல்துணி இழுத்துக்கொண்டு நிற்கும். நிற்கட்டும் என்பாள்.

சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருப்பாள். "அப்பா, தேக்கோ, இங்க பாருங்க! இன்னிக்கு வெட்டுனது. இது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அச்சா, அச்சா. ரொம்ப நல்லாருக்குட்டி" என்பார். யாருடையது என்று ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும். உடனே நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிடுவோம்.

துண்டுகள் போதுமான அளவு சேர்ந்தன. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக அடுக்கி, துணியின் ஓரப்பட்டியைக் கிழித்துக் கயிறாக்கிக் கட்டி, துவைத்த கோதுமை மாவுப் பைக்குள் வைத்து மூட்டையாக்கினாள். தீபாவளித் தையல் முடிந்ததும் நான் மெஷினில் இணைப்பது, பிறகு பஞ்சு வாங்கி அடைப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை. உட்கார வைத்துத் தாங்கிக்கொண்டே இருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது வெறுங்கையோடு மாடி ஏறினார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மெஷின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினேன். வந்த துணியையெல்லாம் தைக்காமல் திருப்பி அனுப்பினேன். சண்டைக்காரிகள்கூட ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். மூட்டை மெஷினுக்கு அடியில்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் தாங்காது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பில்தான் காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். என்றைக்காவது ஒருநாள் அதைப் பிரித்து, அவள் அடுக்கிய வரிசையிலேயே, கால்மாடு கால்மாடாக, தலைமாடு தலைமாடாகத் தைத்து முடிக்கவேண்டும். அதற்குமேல் எனக்கு உலகத்தில் ஓர் ஆசையும் இருக்கவில்லை. அவளுடைய கை பட்டது என்று வேறு என்ன இருந்தது? பாவாடைகள் நான் தைத்தவை. புத்தகங்கள் அச்சடித்தவை. அவளாகச் செய்தது அந்த மூட்டை ஒன்றுதான்.

நானும் அவரும் அவளைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்று பயம். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். அவ்வளவுதான். அதனால் நான் மூட்டையைப் பற்றி என்ன நினைத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் என்ன நினைத்திருந்தார் என்று எனக்கும் தெரியாது.

தீபாவளி கழிந்து குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், அவர் தலையில் ஒரு பெரிய பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தார். மூச்சிரைத்தது. அதைக் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவள் போன பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"பிரிச்சுப் பாரு."

பிரித்தேன். ரஜாய். நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட புதுத்துணி, சீராக ஓட்டிய பெரிய பெரிய தையல்.

"எதுக்கு இப்ப இது? நம்மகிட்டதான் இருக்கே" என்றேன்.

"அட, இது அவ ரஜாய்டி. அவ வெட்டி வச்சிருந்தாள்லா, அந்த மூட்டைய எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். அவ ஆசப்பட்டபடி ஆயிட்டுல்லா."

நான் திரும்பி மெஷினைப் பார்த்தேன். கீழே காலியாக இருந்தது.

"துண்டு எங்க?"

"உள்ள இருக்கும். மேல உள்ளது உறை. அழுக்கு ஆவாம இருக்கட்டும்னு போட்டிருப்பான். கழத்திப் பாரு."

உறையென்றால் ஒரு பக்கம் திறப்பு இருக்கவேண்டும். நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன். திறப்பு இல்லை. தையல் மேலிருந்து அடிவரை ஊடுருவிப் போயிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. பிளேடை எடுத்து ஒரு மூலையில் தையலைப் பிரித்தேன். அவர் குனிந்து பக்கத்தில் நின்றார். உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்தேன்.

பஞ்சு. சாம்பல் நிறப் பஞ்சு. விளக்குக்கு நேரே பிடித்தால் அங்கங்கே ஒரு பச்சை நூல், ஒரு சிவப்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மஞ்சள்.

கார்த்திகை மார்கழி வந்தால் தெருவில் எல்லோரும் பழந்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதையும், சில நாள் கழித்து உப்பிய ரஜாயோடு வருவதையும் அவர் வருஷா வருஷம் பார்த்திருக்கிறார். துணியைக் கொடுத்தால் ரஜாய் தைத்துத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டார். நடுவில் என்ன நடக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? எங்கள் ஊரில் பஞ்சு என்றால் மரத்திலிருந்து வரும், செடியிலிருந்து வரும். நெய்த துணியை மெஷினில் போட்டுக் கிழித்து மறுபடியும் பஞ்சாக்குவார்கள் என்று எந்தத் திருநெல்வேலிக்காரன் கனவு காண்பான்? அந்தக் குளிர் ஊர்க்காரர்களுக்கு அது சாதாரணம். கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் என் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "உள்ளதான இருக்கு?" என்றார்.

நான் கையிலிருந்த பஞ்சைத் திரும்ப உள்ளே திணித்தேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும், ஆனாலும் அவரைத் திட்டவில்லை. நான் பிரித்த மூலையை அவர் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாக இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். ஒரு சந்தில் இருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பஞ்சு பறந்து வாசலெல்லாம் படிந்திருந்தது. கடைக்காரர் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். ரஜாயில் ஏதாவது குறையா என்று கேட்டார்.

"நேத்து வாங்கிட்டுப் போன ரஜாய்" என்று இவர் ஆபீஸ் ஹிந்தியில் தொடங்கினார். "அதுக்குக் குடுத்த துணி ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"மிச்சமா? எல்லாம் நல்ல பருத்தித் துணி, பாபுஜி. சுத்தமா வெச்சிருந்தீங்க. அதுவும் சின்னச் சின்னதா வெட்டியே கொண்டாந்துட்டீங்க. எங்களுக்கு வெட்டுற வேலை மிச்சமாச்சு. பஞ்சு எப்படி வந்திருக்கு, பாத்தீங்கல்ல?"

கடைக்காரர் நல்ல மனிதர். பாராட்டிக்கொண்டிருந்தார்.

"டெரிகாட் மட்டும் மெஷின்ல ஓடாது. அதைப் பொறுக்கி வெளிய போட்டுட்டோம்" என்றார்.

டெரிகாட்! அந்தப் பளபளப்புத் துணிகள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் வெட்டிச் சேர்த்தவை. கடைக்காரர் கை காட்டிய பக்கம் ஓடினோம். சந்தின் முனையில் ஒரு குவியல். எங்களுடையது மட்டுமா, அந்தச் சீசனுக்கு வந்த எல்லா வீட்டு மூட்டைகளிலிருந்தும் பொறுக்கிப் போட்டது. நைலான், கிழிந்த சட்டை, குழந்தைகளின் ஜட்டி, பொத்தான் பட்டி, பைஜாமா நாடா. பாதி நனைந்து கிடந்தது. ஒரு மாடு படுத்திருந்ததை இவர் தட்டி எழுப்பி விரட்டினார்.

இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து கிளறினோம். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வெயில் ஏறியது. நான் தேடியது பென்சில் கோட்டை. அவள் கோட்டின் மேலேயே வெட்டுவாள், ஓரத்தில் பென்சில் கறை மெல்லிதாக ஒட்டியிருக்கும். எத்தனையோ துண்டு கையில் வந்தது, அப்படி ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளாகக் குப்பை பொறுக்குகிறவர்கள் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

இவர் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதா?"

"இல்ல."

"இந்தா, இதப் பாரு. இதுவா?"

"இல்லங்க."

"இது?"

ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அதைக் கீழே போட்டார். "எனக்கு ஒண்ணையும் அடையாளம் தெரியலட்டி" என்றார். "தினமும் காட்டுனாளே. நான் துணிய எங்க பாத்தேன். உதடு நீலமா இருக்கா, மூஞ்சி வீங்கியிருக்கா, அதையேதான பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு துண்டாச்சும் பாத்திருக்கலாம்லா. ஒண்ணே ஒண்ணு."

நடுத்தெருவில், சட்டை முழுக்கத் தூசியோடு, அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். அழுதுகொண்டே மறுபடி குவியலுக்குள் கைவிட்டார். ஒரு நீலத் துண்டை எடுத்தார். யார் வீட்டுப் பள்ளிக்கூடச் சட்டையோ. கிழித்த மாதிரி ஓரம். பென்சில் கோடு இல்லை.

"இதா?"

நான் அதைக் கையில் வாங்கினேன். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமா. இதுதான்" என்றேன்.

"நெசமாவா?"

"அவ வெட்டுனதுதான். எனக்குத் தெரியாதா?"

இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். முகத்தில் வைத்துக்கொண்டார். மாடு படுத்திருந்த குப்பையில் கிடந்த துணியை. நான் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ரஜாயை நாங்கள் போர்த்தவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்தோம். மூலையைத் திரும்பத் தைத்து மூடினேன். பிறகு மெஷினைத் தொடவே இல்லை. அந்த நீலத் துண்டை அவர் துவைத்து, மடித்து, பஸ் பாஸ் வைக்கிற உறைக்குள் வைத்துக்கொண்டார். கரோல் பாக்கை விட்டு மயூர் விஹாருக்கு வந்த பிறகும் அது அவர் சட்டைப் பையில் இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்து எங்களுக்குப் பிள்ளை இல்லையா என்று கேட்டுவிட்டால், அதை எடுத்து உள்ளங்கையில் விரித்துக் காட்டுவார்.

"எம் மவ வெட்டுனது" என்பார். அவர்கள் வாங்கிப் பார்ப்பார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "என்னட்டி?" என்பார், நானும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று.

"ஆமா, அவ வெட்டுனதுதான்" என்று நான் சொல்லுவேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் நடந்த மாதிரி இருக்கும்.